பம்பைக்கு எத்தனை பங்கு?

பத்திரம் எழுதுகிறவனிடம் ஜனங்கள் இரண்டு சமயங்களில்தான் வருவார்கள். சொத்து வாங்கும்போது ஒரு முறை, வாங்கின சொத்தில் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்த பிறகு ஒரு முறை. தருமபுரியில் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டி உட்கார்ந்து 26 வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், என் அக்கா மகன் கையில் ஆறு பக்க ஆங்கிலப் பிரின்ட்டோடு வந்து நின்றபோது, பெண்ணாகரம் பக்கத்தில் அவன் அப்பா வைத்திருக்கும் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"நிலம் இல்ல மாமா. பீட். கிரயம் ஆகுது. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடலாமான்னு சொல்லுங்க."

விற்கும் சொத்து 2 நிமிஷம் 40 விநாடி நீளமுள்ள ஒரு ஒலிக்கோப்பு. வாங்குகிறவர் பிரான்ஸ் நாட்டில் ஒரு ராப் பாடகர். விலை 400 டாலர். விற்கிறவர்கள் மூன்று பேர்: என் அக்கா மகன், ஈரோட்டில் ஒரு பையன், மலேசியாவின் கிள்ளானில் ஒருவர். மூவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. இவன் ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து ராத்திரியில் லேப்டாப்பைத் திறப்பான். ஈரோட்டுப் பையன் எட்டு மாத்திரைக்கு ஒரு சின்ன மெட்டு போட்டு அனுப்பியிருப்பான். அதை 'லூப்' என்கிறார்கள். ஃபைலின் பெயரிலேயே வேகமும் சுருதியும் எழுதியிருக்கும், எடுத்தவர் தேட வேண்டியதில்லை. அதன் மேல் இவன் தாளம் வைப்பான், பேஸ் வைப்பான். கிள்ளான்காரர் எல்லாவற்றையும் தனித்தனித் தடமாக வாங்கி, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று சரிக்கட்டுவார். பிறகு இணையச் சந்தையில் ஏற்றுவார்கள். பாடலுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. பாட்டை வாங்குகிறவர் போட்டுக்கொள்வார்.

ஒப்பந்தத்தைப் படித்தேன். ஆங்கிலம் புதிது. விஷயம் பழையது. இந்தச் சந்தையில் ஒரு பீட்டை இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள். ஒன்று 'லீஸ்', நம் மொழியில் குத்தகை. குறைந்த விலை, 20, 30 டாலர். இத்தனை ஆயிரம் முறை கேட்கப்படும் வரை, இத்தனை வருஷம் வரை என்று வரம்பு உண்டு. ஒரே பீட்டை நூறு பேருக்குக் குத்தகை விடலாம். நிலத்தில் அது நடக்காது. ஒரு வயலில் ஒருத்தன்தான் கம்பு விதைக்க முடியும். மற்றது 'எக்ஸ்க்ளூசிவ்', அதாவது கிரயம். அதற்குப் பிறகு கடையிலிருந்து சரக்கை எடுத்துவிட வேண்டும். ஆனால் ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்தவர்கள் தங்கள் காலம் முடியும் வரை இருப்பார்கள். குத்தகைதாரரோடு சேர்த்து நிலத்தை வாங்குகிற கதைதான்.

நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டேன். "இதில் பிறருடைய பதிவு எதுவும் அனுமதியின்றிச் சேர்க்கப்படவில்லை, பின்னால் யாரேனும் உரிமை கோரினால் விற்றவர்களே பொறுப்பு" என்று ஒரு ஷரத்து. நாங்கள் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் எழுதுகிற 'எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன்' அப்படியே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"இந்த மேளம் யாருகிட்ட வாங்குன?"

"வாங்கல மாமா. ஆடியில நம்மூரு மாரியம்மன் பண்டிகையில நானே ரெக்கார்ட் பண்ணது."

நம் பகுதியில் பம்பை தெரியாதவர் இல்லை. வெளியூர் வாசகர்களுக்காக: இரண்டு உருளை மேளங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டி இடுப்போடு சேர்த்து வைத்து வாசிப்பார்கள். ஒன்று மரம், ஒன்று உலோகம். ஒன்று மிரட்டும், ஒன்று விம்மும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கம் அம்மன் பண்டிகை என்றால் பம்பை செட்டு வந்தாக வேண்டும். அவர்கள் வெறும் தாளக்காரர்கள் இல்லை. அம்மனின் கதையைப் பாடி, வர்ணித்து, அழைத்து, கரகத்தில் இறக்கி வைக்கிறவர்கள். சாமி வரவில்லை என்றால் ஊர் பம்பைக்காரரைத்தான் பார்க்கும்.

பையன் அந்த இரவில் அரை மணி நேரம் பதிவு செய்திருக்கிறான். அதில் சாமி இறங்குவதற்குச் சற்று முன்னால், அடி மாறுகிற இடத்தில், சரியாக ஒன்பது விநாடி வெட்டி எடுத்திருக்கிறான். அதைத்தான் சுழல விட்டு பீட் ஆக்கியது. அதோடு நின்றிருந்தால் எனக்கு வேலையே வந்திருக்காது. பெருமை தாங்காமல் வாசித்த பெரியவரிடமே கொண்டுபோய் ஹெட்போனை மாட்டிவிட்டிருக்கிறான். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டாராம். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம அடிதான். நல்லாத்தான் கீது. எத்தினிக்கு வித்தீங்க?" என்றாராம். இவன் சொல்லியிருக்கிறான். "எத்தினி பங்கு?" "மூணு தாத்தா." "பம்பைக்கு?"

பையனுக்குப் பதில் வரவில்லை. என்னிடம் வந்ததன் உண்மைக் காரணம் அதுதான், ஷரத்து இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு சொத்துக்கு வில்லங்கம் பார்க்க வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். இன்றைய பத்திரத்துக்கு முந்தைய பத்திரம், அதற்கு மூலமான தாய்ப்பத்திரம் என்று. அந்தப் பழக்கத்தில் இந்த வியாபாரத்தின் தாய்ப்பத்திரத்தைத் தேட ஆரம்பித்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அதிலேயே போயிற்று.

முதல் கண்ணி 1969. அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசை. நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரெகரி கோல்மன் என்ற டிரம்மர் தனியாக நான்கு சுற்று வாசிக்கிறார். ஏறக்குறைய ஆறு விநாடி. 1980களில் ஒலியை வெட்டி ஒட்டும் 'சாம்ப்ளர்' கருவிகள் வந்ததும் அந்த ஆறு விநாடியை எடுக்காதவர் இல்லை என்றாயிற்று. ஹிப்ஹாப் எடுத்தது. இங்கிலாந்தில் 'ஜங்கிள்', 'டிரம் அண்ட் பேஸ்' என்று முழு இசை வகைகளே அதன் மேல் எழுந்தன. ஆயிரக்கணக்கான பாடல்கள். கோல்மனுக்கு அதில் ஒரு காசு வரவில்லை. 2006இல் வீடின்றி இறந்தார். அந்தத் தட்டின் உரிமையாளரான குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கே 2015இல்தான், இங்கிலாந்து ரசிகர்கள் மனசாட்சிக்காக வசூலித்துக் கொடுத்த 24,000 பவுண்டு கிடைத்தது. அது ராயல்டி இல்லை, மொய்ப்பணம் மாதிரி.

அதே 1969இல் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் வாசித்த அடியும் இப்படித்தான் உலகம் சுற்றியது. பாட்டின் படைப்பாளி என்று அவர் பெயர் இல்லை. வாசித்ததற்குச் சம்பளம், அதோடு கணக்குத் தீர்ந்தது. மெட்டுப் போட்டவர் ஆசிரியர், தாளம் வாசித்தவர் கூலியாள் என்பது அங்கும் எழுதாத சட்டம்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தியது. சட்டம் உரக்கப் பேசிய வழக்குகளில்கூட மெட்டுக்காரர்தான் வாதி. 1991இல் நியூயார்க்கில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீது வந்த வழக்கில், நீதிபதி திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் சாம்ப்ளுக்கு அனுமதி வாங்குவது தொழில் முறையானது. அங்கே வழக்குப் போட்ட பக்கம் இருந்தது கில்பர்ட் ஓ'சல்லிவன் என்ற பாடலாசிரியரின் மெட்டு. அந்தக் கூண்டில் எந்த டிரம்மரும் நிற்கவில்லை.

ஒரே தாளத்தைப் பலருக்குக் கொடுக்கும் குத்தகை முறைக்கு மூலம் ஜமைக்கா. அங்கே 'ரிட்டிம்' என்பார்கள். ஒரு தாளமும் பேஸும் தயாரானால் பத்து இருபது பாடகர்கள் அதன் மேல் தனித்தனிப் பாட்டுப் பாடுவார்கள், ரசிகர்கள் எதையும் தவறாக நினைப்பதில்லை. 1985இல் கிங் ஜாமி என்ற தயாரிப்பாளர் வெய்ன் ஸ்மித்தை வைத்து வெளியிட்ட 'ஸ்லெங் டெங்' ரிட்டிம் மிகப் பிரபலம். அது வாசிக்கப்பட்டதே இல்லை. கேசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த 'ராக்' தாளம். நோயல் டேவியும் ஸ்மித்தும் பொத்தானை அழுத்திக் கண்டுபிடித்தார்கள். அதை உள்ளே போட்டு வைத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ, ஜப்பானில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண். ஒரு ஊழியர் அலுவலகத்தில் செய்த வேலை, இன்னொரு தீவில் ஓர் இசையின் திசையையே மாற்றிவிட்டது.

பிறகு கம்ப்யூட்டர். 1997 கடைசியில் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' வந்தது. இன்று 'எஃப்எல் ஸ்டுடியோ' என்று பெண்ணாகரம் வரை புழங்குகிற மென்பொருள் அதுதான். ஸ்டுடியோ வாடகை போயிற்று. 2008இல் ஏப் பாட்ஷன் தொடங்கிய 'பீட்ஸ்டார்ஸ்' போன்ற சந்தைகளோடு இடைத்தரகரும் போனார். கூட்டாகச் செய்தவர்கள் விற்பனைத் தொகை இத்தனை சதவீதம் யாருக்கு என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், பணம் தானாகப் பிரிந்து அவரவர் கணக்குக்குப் போகும் வசதியும் அங்கே உண்டு. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. என் மேஜைக்கு வரும் பாகப்பிரிவினைகளில் பாதி, விளைச்சல் வருவதற்கு முன்பே பேசியிருந்தால் வந்திருக்காது.

இந்தச் சந்தையின் பெரிய கதை இரண்டு. ஒன்று 'பாண்டா'. இங்கிலாந்தைச் சேர்ந்த மெனஸ் செய்து இணையத்தில் வைத்த பீட்டை டிசைனர் என்ற நியூயார்க் பையன் 200 டாலருக்கு வாங்கினான். 2016இல் அமெரிக்காவில் முதலிடம். மற்றது 'ஓல்டு டவுன் ரோடு'. நெதர்லாந்தில் யங்கியோ என்ற பத்தொன்பது வயதுப் பையன் யூடியூபில் கேட்ட ஒரு பாஞ்சோ இசைத்துண்டை எடுத்துக் கீழே தாளம் வைத்தான். 2018இல் அட்லாண்டாவிலிருந்து அப்போது யாருக்கும் தெரியாத லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்குக் குத்தகை எடுத்தார். விற்றவனுக்கே யாரிடம் விற்றோம் என்று தெரியாது. இணையத்தில் கேலிக் காணொளிகளில் தன் பீட் ஓடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். 2019இல் அந்தப் பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது.

நமக்கு வேண்டியது அந்தப் பாஞ்சோ. அது 'நைன் இன்ச் நெயில்ஸ்' குழு 2008இல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' தொகுப்பில் உள்ளது. வணிகம் அல்லாத எதற்கும் யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தோடு வந்த தொகுப்பு. வணிகம் என்றால் கேட்க வேண்டும். பையன் கேட்கவில்லை. பாட்டு பெரிதாகிப் பெரிய கம்பெனிக்குக் கைமாறும்போதுதான் வில்லங்கம் தெரிந்தது. பேசித் தீர்த்தார்கள். இன்று அந்தப் பாட்டின் ஆசிரியர் பட்டியலில் ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் பெயர்பெற்றவர்கள், வக்கீல் வைத்திருப்பவர்கள், அதனால் பங்கு வந்தது. வக்கீல் இல்லாத பாஞ்சோவாக இருந்தால்?

"அதான் மாமா, கேட்டா குடுத்துடலாம்" என்றான் பையன், இந்தக் கதையைச் சொன்னபோது. கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் கொடுப்பது என்ன நியாயம் என்று நான் சண்டைக்குப் போகவில்லை. நம் வீட்டுக் கணக்கு அதைவிட யோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்தால் அப்படியும் இல்லை.

சென்னையின் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் தபேலாவும் தவிலும் வாசித்தவர்கள் கால்ஷீட் கணக்கில் கூலி வாங்கி வீட்டுக்குப் போனவர்கள். மெட்டுப் போட்டவருக்கே பாத்தியதை இல்லை என்றுதான் 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படத்துக்காகப் பணம் கொடுத்து வாங்கிய இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே சொந்தக்காரர். 1969இல் தொடங்கிய இசைஞர் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ் தொடர்ந்த வழக்கு அது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு தனிக்குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. அந்த ஆதங்கம் சட்டமாக 17 வருஷம் ஆயிற்று. 1994 திருத்தத்தில் 'நிகழ்த்துநர் உரிமை' வந்தது. இன்று அதற்கு 50 வருஷ ஆயுள். நிகழ்த்துநர் யார் என்று சட்டம் ஒரு பட்டியல் தருகிறது: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி. பாம்பாட்டியை மறக்காத சட்டம் பம்பைக்காரரை மறந்ததாகச் சொல்ல முடியாது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போய், பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்றது. மைனர் சொத்தை விற்க விடாமல் காக்கிற மாதிரி. வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்துநருக்கும் ராயல்டி உண்டு என்றும் சொன்னது.

ஆக, கோயில் முன்னால் வாசித்ததைக் கேட்காமல் பதிவு செய்து விற்றது இந்த நாட்டுச் சட்டப்படியே வில்லங்கம். ஷரத்தில் கையெழுத்துப் போட்டால் பொய்.

ஆனால் நம் பையன்கள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்? 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்திரா குழுவும் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தபோது, 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டு ராப் பாட்டாக மாறி நின்றது. தமிழில் ராப் பாட முடியும் என்று என் அக்கா மகன் வயதுப் பையன்களின் அண்ணன்மார்களுக்கு முதலில் காட்டியது அதுதான். 2007இல் எம்.ஐ.ஏ.வின் 'காலா' வந்தது. ஈழத்துப் பெண், லண்டன் குரல், அதன் கீழே சென்னையில் பதிவான உருமி. உலகம் அந்தத் தொகுப்பைக் கொண்டாடியது. பாடகியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். உருமி அடித்தவர்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் அந்தத் தொகுப்பின் ரசிகர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்?

'எஞ்சாய் எஞ்சாமி' கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2021 மார்ச்சில் வெளிவந்து கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரின் கூட்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன முன்னோர்களின் கதை, ஒப்பாரியின் சாயல் எல்லாம் அதில் உண்டு. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அது பாடப்பட்டபோது, யார் எதைச் செய்தார்கள் என்ற பேச்சு வெளியே வந்தது. ஆளுக்கொரு நீண்ட அறிக்கை. எல்லா அறிக்கைகளையும் படித்தேன். மூன்று தரப்பும் மற்றவரின் உழைப்பை முற்றாக மறுக்கவில்லை. எவ்வளவு என்பதில்தான் இடறல். 2024இல் சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில், மூன்று வருஷத்தில் அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றார். எந்தத் தரப்பு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒரு பாகப்பிரிவினைக்காரனாக எனக்குப் பட்டது இதுதான்: சேர்ந்து உட்கார்ந்து பாடிய அன்று யாரும் சொத்து உருவாகிறது என்று நினைப்பதில்லை. காகிதம் எடுப்பது அபசகுனம் மாதிரி தோன்றும். சொத்து என்று தெரிந்த பிறகு எடுக்கும் காகிதத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும்.

அப்படியானால் நம்மிடம் முன்கூட்டி எழுதி வைத்த வழக்கமே இல்லையா? இருக்கிறது, அதுவும் கல்லில். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014இல் வெட்டிய ஒரு நீண்ட கல்வெட்டு உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஊர்ப்பெயரோடு, வீட்டு வரிசையோடு. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல், 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் அளந்தது. நட்டுவம் செய்கிறவருக்கு இரண்டு பங்கு. தொடர்ந்து பாடுபவர், உடுக்கை வாசிப்பவர், மத்தளம் கொட்டுபவர், சங்கு ஊதுபவர், தையற்காரர், நாவிதர் வரை ஒவ்வொருவருக்கும் பங்கு. பங்குகாரர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. இசைத்துறையில் இப்போது 'ஸ்ப்ளிட் ஷீட்' என்று ஒரு தாளில் பெயரும் சதவீதமும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். என் தொழில் புத்திக்கு இந்தக் கல்வெட்டு அதுவாகத்தான் தெரிகிறது. பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களை வேறு கோயில்களிலிருந்து ராஜ உத்தரவில் கொண்டுவந்து குடிவைத்தார்கள் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றே: மத்தளக்காரர் பெயர் எழுதத் தகாதது என்று அந்த எழுத்தர் நினைக்கவில்லை.

நம் தகடூருக்கே ஒரு மேளம் உண்டு. புறநானூற்றில் ஔவை அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிச் சொல்லும்போது, பொது இடத்தில் தொங்கும் தண்ணுமை ஒன்றைச் சொல்கிறாள். அதன் முகத்தில் காற்று மோதி ஒலி எழுந்தாலே, போர் வந்துவிட்டது என்று எழுகிறவன் எங்கள் தலைவன் என்கிறாள். அடிப்பவன் இல்லாமல் ஒலிக்கும் மேளம். பள்ளியில் இதை நடத்தும்போது அதியமானின் வீரத்தைத்தான் சொன்னார்கள். இப்போது பையனின் லேப்டாப்பில் அந்த ஒன்பது விநாடி சுழலும்போது எனக்கு அந்தத் தண்ணுமைதான் ஞாபகம் வருகிறது. கட்டித் தொங்கவிட்டவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா?

கார்த்திகை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் நானும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் பம்பையின் தோலை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். நிகழ்த்துநர் உரிமை, அனுமதி, ராயல்டி. அவர் பாதியில் கையைக் காட்டினார்.

"தம்பி, சட்டம் உடுங்க. பண்டிக பேச வர்றவன் இன்னா கொண்டாரான்? வெத்தல பாக்கு, அதும்மேல ரூவா. அத்த எடுத்துக்கினா வார்த்த. அப்பறம் லட்ச ரூவா குடுத்தாலும் வேற ஊருக்குப் போவமாட்டோம். இந்தப் பையன் வெத்தல பாக்கு வெக்காம அடிய எடுத்துக்கினு போயிட்டான். அம்மட்டுந்தான்."

"தப்புதான் தாத்தா" என்றான் பையன்.

"தப்புன்னு சொல்லல. நாங்கூட சின்ன வயசுல ஒரு வாத்தியாரு அடிய ஒளிஞ்சி நின்னு கேட்டுத்தான் கத்துக்கினேன். ஆனா நா அத்த வித்துட்டு அவுரு மூஞ்சியப் பாக்காம இருக்கல."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்டேன். அந்த அடி அவருடையதா, வாத்தியாருடையதா, அம்மனுடையதா? சிரித்தார். "அடி எல்லாருதும். அன்னிக்கி அடிச்சது நாங்க." பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு என்று நான் ஒரு மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் இப்படி முடித்துவிட்டார்.

பங்கு பேசினோம். ஈரோட்டுப் பையனையும் கிள்ளான்காரரையும் போனில் சேர்த்துக்கொண்டோம். நாலு பங்கு என்று இவன் சொன்னதும் ஈரோட்டுப் பையன் சற்று யோசித்தான். லூப் போட ரெண்டு நாள் ஆச்சு, இது ஒன்பது விநாடிதானே என்றான். கிள்ளான்காரர்தான், "அந்த ஒன்பது விநாடிய மியூட் பண்ணிட்டுக் கேளு, யாராச்சும் 400 டாலர் குடுப்பாங்களான்னு சொல்லு" என்றார். ஒத்துக்கொண்டான். மனசோடா என்று தெரியாது.

அடுத்த சிக்கல், சந்தையின் கணக்கில் நான்காவது பங்குகாரரைச் சேர்க்க மின்னஞ்சல் வேண்டும், வெளிநாட்டுப் பணம் வாங்கும் கணக்கு வேண்டும், அதற்கு பான் கார்டு வேண்டும். பெரியவரிடம் மூன்றும் இல்லை. கணக்குத் திறந்து தருகிறேன் என்று பையன் சொன்னான். வேண்டாம், கையில் கொடு என்றுவிட்டார். அதனால் முத்திரைத் தாளில் நான் ஒரு சம்மதப் பத்திரம் எழுதினேன். இன்ன தேதி இன்ன கோயிலில் வாசித்த பம்பைப் பதிவிலிருந்து இவ்வளவு பகுதி, இந்தப் பீட்டில் பயன்படுத்த முழுச் சம்மதம், நிகரத் தொகையில் நாலில் ஒரு பங்கு, இனி இதிலிருந்து வேறு ஏதும் செய்தால் தனியாகக் கேட்க வேண்டும். வாழ்நாளில் பல ஆயிரம் பத்திரம் எழுதியிருக்கிறேன். நான்கெல்லை இல்லாத சொத்துக்கு எழுதியது இதுதான் முதல். வடக்கே யார், தெற்கே யார் என்று எழுதக் கை தானாகப் போய் நின்றது. படித்துக் காட்டினேன். பெரியவர் ஒரு திருத்தம் சொன்னார். தன் பெயர் மட்டும் போதாது, அன்றைக்கு வாசித்த ஐந்து பேர் பெயரும் வேண்டும். சிலம்பு குலுக்கியவர் பெயரை விட்டுவிட்டீர்களே என்றார்.

மார்கழியில் பணம் வந்தது. சந்தைக் கட்டணம், பணம் மாற்றும் கட்டணம் எல்லாம் போகப் பம்பைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். பையன் அதை ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொண்டுபோனான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தது. செட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெரியவர் வழக்கமாகப் பண்டிகைப் பணத்தில் தனக்கு ஒன்றரைப் பங்கு எடுப்பவர். இதில் சமமாக ஐந்தாகப் பிரித்தார், ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். உடுக்கைக்காரர் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து தவறிப்போயிருந்தார். அவர் பங்கைப் பெரியவர் தனியாக ஒரு துணியில் முடிந்து, பையனிடமே கொடுத்தார். "அவன் பொண்டாட்டி பாலக்கோட்டுல அவ அண்ணன் ஊட்டுல கீது. நீயே கொண்டும்போய்க் குடு. எதுக்குன்னு கேப்பா, அந்த ஓசையப் போட்டுக் காட்டு."

பையன் ஹெட்போன் கொண்டுபோகவில்லை. ஸ்பீக்கர் எடுத்துக்கொண்டு போனான்.